மேனகாவை முடிக்க விடாத மாலைகள்

ரங்கூனின் தாகேதா பேட்டைச் சாப்பாட்டுக் கடை மேடையில் மேனகா ‘சோல்’ என்னும் மேல்நாட்டு உருக்கப் பாட்டை எடுத்தால், குரல் ஆற்றின் மேலுள்ள தன்லியின் பாலம் வரை போய்த் திரும்பும். பாதிப் பேர் அழுவோம்; மீதிப் பேர் காதைப் பொத்துவார்கள். யாராவது மாலையோடு வந்தால் பாடகி பாட்டை நிறுத்தித் தலை குனிய வேண்டும் என்பது அங்கே வழக்கம். தினமும் அங்கே சாப்பிட வரும் தங்கவேலு அதைப் பிடித்துக்கொண்டார். அவள் உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் மாலையோடு வந்துவிடுவார். ரங்கூனிலேயே அதிக மாலை வாங்கியவள், ஒரு பாட்டைக்கூட முடித்ததில்லை.

“பிடிக்கலைன்னா வீட்டுக்குப் போங்களேண்ணே! ஒரே ஒரு பாட்டை முழுசாப் பாட விடுங்க!” என்று ஒருநாள் எரிந்து விழுந்தாள்.

“நீ போடுற கூச்சல்ல தட்டுல கிடக்கிற கோழி எழுந்து ஓடுதும்மா. நான் எப்படிச் சாப்பிடுறது?”

அன்றும் மாலையை நீட்டினார். அவள் குனியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாட்டை இழுத்தாள். ஆற்றில் கியாக்தான் ஊருக்குப் போகும் படகெல்லாம் கரை சேரும்வரை இழுத்தாள். நீட்டிய மாலையைத் திரும்ப எடுத்துப் போவது அவமானம். தூக்கிய கையோடு கடைசி வரி வரை நின்றார் மனிதர்.

பாட்டு முடிந்தது. மேனகா நிதானமாகத் தலை குனிந்தாள்.

“இன்னொண்ணு பாடட்டுமாண்ணே?”

“பாடு, பாடு,” என்று தோளைத் தேய்த்தார் தங்கவேலு. “அடுத்த மாலையை ஆள் வச்சுக் கொடுத்தனுப்புறேன்.”