முதலில் வரும் முகம்

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் குமரேசன் வெப்சைட் ஆபீஸ் நடத்தினான். ஜெசிந்தாவுக்கு அங்கேதான் வேலை. கல்யாண மண்டபம், நகைக்கடை, பல் ஆஸ்பத்திரி என்று யார் வந்தாலும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: வெப்சைட்டுல படம் நல்லா ஓடணும். ஓட வைப்பது அவள் பொறுப்பு.

மே மாதம் விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றின் வேலை வந்தது. அவள் படித்த கல்லூரி. வேலை கிடைத்த மாணவர்களின் படங்கள் முகப்புப் பக்கத்தில் வரிசையாக நகர்ந்து போக வேண்டும். அட்மிஷன் பார்க்கும் புகழேந்தி அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள். கையில் பூங்கொத்தோடு அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் பெயர், ஒலக்கூர் என்று ஊர், அதற்கும் கீழே சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயர்.

அந்தக் கம்பெனியில் அவள் ஒரு மாதச் சம்பளம்கூட வாங்கியதில்லை. கல்லூரி மேடையில் பூங்கொத்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிறகு பயிற்சி என்று கூப்பிட்டு, மழைக்காலம் முழுக்கச் சும்மா உட்கார வைத்து, ஆள் தேவைப்படும்போது சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். கூடப் போன எல்லோருக்கும் அதே கதிதான்.

"அண்ணா, இது நான்தான். இந்த வேல எனக்குக் கெடைக்கவே இல்ல" என்று குமரேசனிடம் காட்டினாள்.

அவன் எட்டிப் பார்த்தான். "போட்டோ நல்லாத்தான் இருக்குது. நமக்கு இன்னா ஜெசி, அவங்க குடுக்கறத ஓட வெக்கறோம், அவ்ளோதான்."

செய்து முடித்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சரியாக ஓடியது. அம்மாவின் பழைய போனில் போட்டுப் பார்த்தால் திக்கியது. அவள் முகம் பாதி வந்து நிற்கும், பிறகு ஒரே தாவலில் ஓரத்துக்குப் போய்விடும். புகழேந்தியும் போன் செய்தார்.

"எங்க கிட்ட வர்றவங்க வீட்ல எல்லாம் சாதா போனும்மா. இப்படி நின்னு நின்னு வந்தா டூப்ளிகேட் காலேஜுனு நெனச்சிக்குவாங்க."

அப்படியே திக்கட்டும் என்று விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் கோளாறு எங்கே என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக நகர்த்தியதால், ஒவ்வொரு அசைவுக்கும் பக்கம் முழுவதும் எது எங்கே நிற்க வேண்டும் என்று போன் மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாப் படங்களையும் ஒரே பட்டையாக்கி, பக்கத்தை அசைக்காமல் அந்தப் பட்டையை மட்டும் தனி அடுக்காக நகர வைத்தால் போதும். தெரிந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. மாற்றினாள். படங்களின் அளவையும் குறைத்தாள். அம்மாவின் போனில் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. போவது தன் முகம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

விழுப்புரம் போய்க் காட்டிய அன்று புகழேந்தியிடம் நேராகவே கேட்டாள். "சார், என் போட்டோவ மட்டும் எடுத்துடலாங்களா? நான் அங்க வேல பாக்கலைங்க."

"கம்ப்யூட்டர் வேலதானம்மா பாக்கற? எந்தக் கம்பெனியா இருந்தா இன்னா?" அவர் கோபப்படவில்லை. "உன்னுதுதான் மொதல்ல வரணும். ஒலக்கூர் பக்கத்து ஜனங்க உன்ன பாத்தாதான் நம்பி வருவாங்க."

திண்டிவனம் திரும்பியதும் தன் படத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் குமரேசன் அதை முதல் படமாக வைத்திருந்தான். "பேஜாரு பண்ணாத ஜெசி" என்றான். "இவுங்கள வுட்டா நமக்கு வேற ஆளில்ல."

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒலக்கூரில் ஜெசிந்தாவின் தெருவிலேயே இருக்கும் பூமாலை அவள் வீட்டுக்கு வந்தாள். மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்குக் களை எடுக்கப் போகிறவள். கூடவே வந்த மகள் கலைப்பிரியா பிளஸ் டூ முடித்திருந்தாள். பூமாலை போனை நீட்டினாள்.

"உன்னத்தான் பாத்துக்கினே இருக்கறோம் பாப்பா. சொய்ங்னு வந்து போற. இவளயும் அங்கியே சேத்துடலாம்னு இருக்கறேன்."

"வேணாம் சின்னம்மா. அது பொய். எனக்கு அந்த வேல கெடைக்கல. நான் திண்டிவனத்துலதான வேல பாக்கறேன், உங்களுக்கே தெரியுமே."

"காலேஜ்காரங்க பொய்யா போடுவாங்க?"

"அந்தப் பக்கத்தச் செஞ்சதே நான்தான்."

பூமாலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய்னு தெரிஞ்சிக்கினே ஏன் செஞ்ச?"

ஜெசிந்தா போனை வாங்கக் கையை நீட்டினாள்.

"எனக்குப் புரியுது" என்று பூமாலை போனை முந்தானையில் முடிந்துகொண்டாள். "எம் பொண்ணு உனக்கு மேல போயிடுவாளோன்னு பாக்கற. நல்லா இரு." மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கலைப்பிரியா மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண் அங்கேயே சேர்ந்தாள். அதன் பிறகு தெருக்குழாயில் எதிர்ப்பட்டால் பூமாலை குடத்தை இடுப்பில் ஏற்றி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவங்க கிட்ட ஏன்டி வாய் குடுத்த?" என்று அம்மாவும் இவளைத்தான் திட்டினாள்.

கல்லூரியில் அந்த வருஷம் இடம் நிரம்பிவிட்டதாகப் புகழேந்தி ஆபீஸுக்கே வந்து இனிப்பு கொடுத்தார். அவர் சொல்லித்தான் நர்சிங் கல்லூரிக்காரர்களும் தேடி வந்தார்கள்.

"அதே மாதிரி வழுக்கிக்கினு போவணுமாம்" என்று குமரேசன் படங்களை அனுப்பிவைத்தான்.

ஜெசிந்தா திறந்தாள். பெயரையோ ஊரையோ படிக்கவில்லை. எந்த முகத்தையும் பார்க்காமல் ஒவ்வொரு படமாக அளவைச் சுருக்க ஆரம்பித்தாள்.