நடு அறையின் சாவி

மூன்றாவது முறை போனபோதும் நடு அறை பூட்டித்தான் இருந்தது.

"சாமான் போட்டு வச்சிருக்கு தங்கச்சி. சாவி என் தம்பிகிட்ட. அவன் ஜொகூர்ல இருக்கான்," என்றார் வீட்டுக்காரர் தம்புசாமி. முதல் முறை வந்தபோதும் இதையேதான் சொன்னார். அப்போது தம்பி ஈப்போவில் இருந்தான்.

ஏஜென்ட் குகன் முந்திக்கொண்டான். "மத்த ரூம் மாதிரியேதான் சிஸ்டர். அதே சைஸ், அதே ஜன்னல். நீங்க கிச்சனைப் பாருங்க. கிச்சன்தான் ஒரு வீட்டுக்கு முகம்."

"போன வாரம் போர்ச்தான் முகம்னு சொன்னீங்க."

"ரெண்டு முகம் லா, சிஸ்டர்."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. பூட்டிய கதவின் பக்கத்தில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலில் ஏதோ ஒட்டியதுபோலக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

கிள்ளானில், காப்பார் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. என்னைவிட வயதான ஒற்றை மாடி வரிசை வீடு. எங்களுக்குப் பழைய வீடுதான் வேண்டும். புது வீடுகளில் படுக்கையறைகள் எல்லாம் மேல்மாடியில். இனிப்பு நீர் நோய் முற்றி அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செந்தூலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பிளாட் ஏழாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தால், கீழ்வீட்டுப் பையன்கள் அப்பாவை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். இறங்கி முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கமாட்டார். லோரி ஓட்டி நாடு முழுக்கச் சுற்றிய மனிதர். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எந்தக் கொமியூட்டர் ரயில் தாமதம் என்று எங்களுக்குச் சொல்கிறார்.

சாலாக் செலாத்தானில் பார்த்த வீட்டுக்கு வாசலில் படிகள். ஜெஞ்சாரோமில் பார்த்தது நல்ல வீடு, ஆனால் மருத்துவமனை வெகுதூரம். இந்த வீட்டில் ஹாலிலிருந்து ரோடு வரைக்கும் ஒரு படிகூட இல்லை. கடன் என் பெயரில் பாஸ் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசில் கையெழுத்து.

"அப்பா எங்கே?" என்றாள் அம்மா திடீரென்று.

நாங்கள் அவரை விட்டுவந்த போர்ச்சில் அவர் இல்லை. கேட் திறந்து கிடந்தது. அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நானும் குகனும் பின்னால் ஓடினோம். சந்தின் முனையில் ஓர் ஒட்டுக்கடை. அதன் தகரக் கூரைக்கடியில் அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, பாலும் சர்க்கரையும் போடாத கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டிருந்தார். கடைக்காரரோடு எதற்கோ சிரித்துக்கொண்டும் இருந்தார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு தூரம் தானே உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"என்ன எல்லாரும் ஓடி வர்றீங்க? யாரு செத்துட்டா?" என்றார்.

அம்மா கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். கடைக்காரர் பெயர் கன்னையா. தினமும் சாயங்காலம் வடை போடுவாராம். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் கார் நின்றபோது அம்மா சொன்னாள்: "அந்த வீடு வேணாம்."

"ஏன்?"

"கால்வா நாத்தம் அடிக்குது."

"எங்க அடிச்சுது?"

"எனக்கு அடிச்சுது."

அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. செந்தூல் வரும்வரை யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் இது புதிதல்ல. ஆனால் அன்றைய மௌனத்தில் ஒருவர் எதையோ மறைத்துக்கொண்டிருந்தார். மற்றவருக்கு அது தெரிந்திருந்தது.

அப்பா படுத்த பிறகு அடுப்படியில் அம்மாவைக் கேட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் சொன்னாள்.

"கதவுக்குக் கீழ நல்லெண்ணெய் வாடை. உள்ள விளக்கு எரியுது, வெளிச்சம் தெரிஞ்சுது. அது அடைப்பு ரூம் ஷாமினி."

எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். சில நட்சத்திரங்களில் சாவு நடந்தால் அந்த அறையைப் பூட்டி வைப்பார்கள். சில மாதக் கணக்கு உண்டு. அது முடியும்வரை தினமும் உள்ளே விளக்கேற்றி, டம்ளரில் தண்ணீர் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் போன உயிர் தனியாகப் போகாது, அதே கூரைக்கடியில் இன்னொன்றைத் தேடும்.

"இந்தக் காலத்துல போயாம்மா..."

"உனக்கென்ன, கையெழுத்துப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவ. அங்க படுக்கப்போறது அவரு."

"அப்பாகிட்ட சொல்லிடும்மா."

"நோயாளிகிட்ட போய் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்றியா?"

குழாயை மூடினாள். அதோடு பேச்சும் நின்றது.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் அன்றிரவு கண்ணை மூடினால் அந்தக் கதவின் கீழ் இடுக்குத்தான் வந்தது. கையெழுத்துப் போட்ட மறுமாதமே அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அது நோயால் ஆனது என்று அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்? போடாமல் விட்டால், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அவரிடம் என்ன சொல்வேன்?

வெள்ளிக்கிழமை மதியம் வக்கீல் ஆபீசுக்கு முன்னால் வீட்டுக்கு ஒருமுறை போகவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். தம்புசாமி போர்ச்சில் காத்திருந்தார். குகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். அப்பாவைக் காரிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். அம்மா நேராக நடு அறைக் கதவிடம் போனாள்.

"யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

தம்புசாமி முதலில் குகனைப் பார்த்தார். குகன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவினான். ஃபோன் அடிக்கவே இல்லை.

"என் வீட்டுக்காரிக்கா. போன மாசம். ரேவதி நட்சத்திரம்."

"ஆறு மாசம்."

"ஆமாக்கா."

"தம்பி ஜொகூர்ல இருக்காருன்னீங்க. அதுக்கு முன்னாடி ஈப்போன்னீங்க."

"எனக்குத் தம்பியே இல்லக்கா."

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். கயிற்றில் கோத்த சின்னச் சாவி.

"உங்களுக்கு முன்னாடி ஒரு சீனக் குடும்பம் வந்துச்சு. அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்ல. அன்னிக்கே முடிச்சிருப்பாங்க. ஆனா சாவி கைக்குப் போன மறுநாளே கதவைத் திறந்து பெயின்ட் அடிப்பாங்க. அவங்க தப்பு இல்ல. ஆனா அவ உள்ள இருக்கா. கணக்கு முடியிற வரைக்கும் இருக்கா. தமிழ் ஆளுங்களா இருந்தா புரிஞ்சுக்குவாங்கன்னுதான்..."

"புரிஞ்சவன்தான்யா மொதல்ல ஓடுவான்," என்றார் அப்பா.

நாங்கள் திரும்பினோம். அவர் ஹாலுக்குள் வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அதனாலதான்ணே சொல்லல," என்றார் தம்புசாமி.

கதவுக்கப்பால் திரி ஒருமுறை படபடத்த மாதிரி எனக்குத் தோன்றியது. அப்பா அம்மாவைப் பார்த்து, தன் மடித்துக் குத்திய கால்சட்டையைத் தட்டினார்.

"இங்க பாரு தங்கம். என்னுது ஒரு காலு ஏற்கனவே போயாச்சு. எமனுக்கு அட்வான்ஸ் குடுத்தவன் நான். மீதிக்கு அவ்வளவு சீக்கிரம் வரமாட்டான்."

"வாயை மூடுங்க!" அம்மா கத்தினாள். அவள் அப்பாவிடம் கத்தி நான் கேட்டதே இல்லை. அப்பாவின் சிரிப்பு நின்றது.

அவளைப் பார்த்தார். அவள் கதவுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள்.

"சரி. உனக்குப் பயம்னா வேணாம். போலாம்," என்றார். "ஷாமினி, கீழ்வீட்டுப் பையனுக்கு ஃபோன் போட்டு லிஃப்ட் வேலை செய்யுதான்னு கேளு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல் சொன்னார். நாற்காலியைத் தானே திருப்பிக்கொண்டு போர்ச்சைத் தாண்டி கேட் வரைக்கும் போனார். அங்கே நின்று, சந்தின் முனையை ஒருமுறை பார்த்தார். பிறகு காரின் பக்கம் உருட்டினார்.

நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அழைக்கவில்லை. அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள் ஒன்று சந்தைக் கடந்து போனது. அதன் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"வெளக்கு தினமும் ஏத்துறீங்களா?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு ஏத்துறேன். மறுநாள் வரைக்கும் எரியிற மாதிரி எண்ணெ ஊத்திடுவேன்."

"ஒருநாளும் விட்டதில்லையா?"

"விட்டதில்லக்கா."

"நாங்க வந்தப்புறம் நான்தான் ஏத்துவேன். நீங்க உள்ள வரக்கூடாது. என் புருஷன் அந்தக் கதவுகிட்டயே வரக்கூடாது. அடைப்பு முடியிற வரைக்கும் இங்க பால் காய்ச்சமாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவங்க பேரு என்ன?"

"வீரம்மா."

அம்மா தலையாட்டினாள். அன்று மாலை நான் கையெழுத்துப் போட்டேன்.

சாவி கைக்கு வந்து நாங்கள் குடிவந்தபோது அடைப்பு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பால் காய்ச்சாமல், யாரையும் அழைக்காமல், பாய் தலையணையோடு வந்தோம். பெரிய சொந்தமெல்லாம் எங்களுக்கு இல்லை என்பதால் ஏன் அழைக்கவில்லை என்று கேட்கவும் ஆளில்லை. அம்மா அப்பாவின் கட்டிலை வாசல் பக்கத்து அறையில் போட்டாள். இரவில் எழுந்து அவர் மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அவர் இருமினால் நடு அறைக் கதவைப் பார்ப்பாள். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கும்வரை அம்மா சாப்பிடவே இல்லை.

ஒரு விஷயத்தில் அவள் மிகக் கண்டிப்பாக இருந்தாள். கதவைத் திறக்கும் நேரத்தில் அப்பா கூரைக்கடியில் இருக்கக்கூடாது. ஆறு மணி நெருங்கும்போது, "என்னங்க, கெளம்புங்க," என்பாள். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு உருட்டிக்கொண்டு போவார். அவர் கன்னையா கடையின் தகரத்துக்கடியில் மறைந்த பிறகுதான் பூட்டைத் திறப்பாள். முதல் வாரம் ஒரு கோப்பியோடு திரும்பி வந்தார். பிறகு கடை மூடும்வரை உட்கார்ந்தார். கடையில் அவருக்கென்று ஒரு மேசை ஒதுங்கியது. எந்த லோரி எந்த வளைவில் கவிழும் என்று கிள்ளான் ஓட்டுநர்களுக்கு வகுப்பெடுப்பதாகக் கேள்வி.

அடைப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மழை பிடித்தது. மதியம் தொடங்கி விடவே இல்லை. சந்தில் தண்ணீர் ஓடியது. நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா எண்ணெய்க் குப்பியோடு நடு அறைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா ஹாலில் இருந்தார். ஆறு மணி தாண்டியிருந்தது.

"நேத்து ஊத்தின எண்ணெ தீந்துடும்," என்றாள் என்னிடம். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இந்த மழையில் அவரை வெளியே அனுப்ப வாய் வரவில்லை, அவர் உள்ளே இருக்கும்போது திறக்கக் கை வரவில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்து மூடி மூடித் திறந்தாள். கதவுக்குக் கீழே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

அந்த அறையில் பயப்பட அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. அதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று எதுவும் சொல்லவில்லை. மூலையில் சாய்த்திருந்த பெரிய குடையை எட்டி எடுத்தார். நான் தள்ள வந்ததைக் கையால் தடுத்தார். குடைக்கம்பைத் தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, போர்ச்சைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, கூரையே இல்லாத ரோட்டில் போய் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை குடையில் விழுந்து சக்கரங்களின்மேல் வழிந்தது.

அம்மா பூட்டைத் திறந்தாள். எண்ணெய் விடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. தண்ணீர் மாற்றினாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாளா, எனக்குத்தான் அப்படி இருந்ததா, தெரியவில்லை.

"பூட்டிட்டியா?" மழைக்குள்ளிருந்து அப்பா கத்தினார்.

"இன்னும் இல்ல," என்று கத்தினாள் அம்மா. "கொஞ்சம் இருங்க."

"சரி சரி, மெதுவா பண்ணு," என்றார் அவர்.