நான் கையெழுத்துப் போட்ட டிஸ்க்

மெக்கானிக் என் மச்சினன்தான் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆளில்லை நான். என் வேனுக்குப் புது பிரேக் டிஸ்க் இரண்டையும் நானே வாங்கினேன். பழசை மாட்டி ஏமாற்றிவிடக் கூடாதென்று, பெட்டியைப் பிரித்து இரண்டிலும் பெயின்ட்டால் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன். மாட்டி முடிக்கும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை.

அப்படியும் நேற்று மலையிறக்கத்தில், மூன்றாவது வளைவில், எவ்வளவு மிதித்தும் வேன் நிற்காமல் போனது. கருகல் வாடை வேறு. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினேன்.

"என்னடா தில்லுமுல்லு பண்ணினே?" என்று ஒர்க்‌ஷாப்பில் போய்க் கத்தினேன்.

அவன் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் விளிம்பில் டார்ச் அடித்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே வளைந்த தடுப்புகள் வரிசையாகத் தெரிந்தன.

"சுத்தும்போது இந்த வளைவுதான் காத்தை வெளியே தள்ளி சூட்டைக் குறைக்கணும் மாமா. இடதும் வலதும் மாறிப்போச்சு. அதான் சூடேறி, பிரேக் பிடிக்கல."

"பாத்தியா! உன் தப்புதானே?"

"நீங்க தலைமேல நின்னதுல நானும் உள்ளே பாக்கல. ஆனா எது இடது, எது வலதுன்னு ஸ்டிக்கர் இருக்குமே, அது எங்கே?"

கையெழுத்துக்கு இடம் வேண்டுமென்று அவற்றை உரித்து, டேஷ்போர்டில் ஒட்டியவன் நான்தான். அவன் கண்ணில் படுமுன் கிழித்துவிட வேன் கதவுக்குத் தாவினேன்.