இரண்டு கண்ணுக்கும் நடுவே நான்கு ஃபிரேம்

1

இந்தக் கதை ஓர் இடைவேளையில் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் படங்களுக்கு இடைவேளை கிடையாது, பழைய முப்பரிமாணப் படங்களைத் தவிர. இடக்கண்ணுக்கு ஒரு பிரதி, வலக்கண்ணுக்கு ஒரு பிரதி. திரையிடும் இரண்டு எந்திரங்களும் சேர்ந்தே ஓடுவதால், அடுத்த ரீலை மாட்ட நிறுத்தித்தான் ஆகவேண்டும். பாப்கார்ன் வரிசையில் நின்று இதை எழுத முடிவுசெய்தேன்.

முதல் வரி: "ஆப்பரேட்டர் லொரெட்டாவின் கைகள்..." அடித்துவிட்டேன். கதைகளில் வரும் ஆப்பரேட்டர்களுக்குக் கைகளைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை.

2

ஒடெஸ்ஸா கிரான்ட்ஸிலிருந்து தொடங்குவோம். வயது எண்பத்தொன்பது. நடித்தது ஒரே படம், அதில் ஒரே காட்சி: கேமராவை நோக்கிப் பீங்கான் தட்டை வீசுவார். படம் வெளிவந்தபோது முப்பரிமாண மோகம் தணிந்திருந்தது. சாதாரணப் படமாகவே ஓட்டினார்கள். தான் வீசிய தட்டு திரையைவிட்டு வெளியே வருவதை அவர் பார்த்ததே இல்லை. இன்று மதியம்தான் முதல் வாய்ப்பு.

"அன்னிக்கு வீசுன்னாங்க, வீசினேன்," என்றார் வாசலில், லொரெட்டாவிடம். "யார் மேல விழுந்துச்சுன்னு பாக்க வேணாமா?"

"உங்க மேலயே விழும் மேடம். நடு வரிசைல சீட்டு போட்டிருக்கேன்."

3

காலை ஒத்திகையில், தட்டுக் காட்சிக்குச் சற்று முன்பு இடக்கண் பிரதி அறுந்தது. சிதைந்த இரண்டு ஃபிரேம்களை வெட்டி லொரெட்டா ஒட்டினார். ஈடாக அதே பிரதியில் இரண்டு கறுப்பு ஃபிரேம்கள் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு கண் மற்றதை முந்தும். அதைச் சக ஆப்பரேட்டர் வெண்டெலிடம் ஒப்படைத்துவிட்டு, ஒடெஸ்ஸாவை வரவேற்க வாசலுக்குப் போனார்.

(வெண்டெலை முதலில் முட்டாளாக எழுதினேன். பொய். முப்பது வருட அனுபவம்தான் இந்தப் பிழையைச் செய்யும்.)

படம் ஓடத் தொடங்கிய பிறகு லொரெட்டா கேட்டார்:

"எந்த மிஷின் ரீல்ல ஒட்டினே?"

"இடப்பக்கத்துல. இடக்கண்ணு எப்பவும் அங்கதானே?"

"உன் பழைய தியேட்டர்லய்யா! இங்க அது வலக்கண்ணு. நல்லா இருந்த பிரதியைப் போய் வெட்டியிருக்கே."

ஒரு கண்ணில் இரண்டு குறைவு, மறு கண்ணில் இரண்டு அதிகம். அந்த இடத்திலிருந்து நான்கு ஃபிரேம் விலகல். தட்டு இரண்டாகத் தெரியும், தலை வலிக்கும்.

"விட்டுடு லொரெட்டா. இடைவேளைல சத்தமில்லாம சரி பண்ணிடலாம். நிறுத்தினா, பிரதி குடுத்த ஃபிலிம் காப்பகத்து ஆளு மேல வந்துடுவான். அவன் பிரதில கத்தி வச்சது தெரிஞ்சா, நமக்கு இனி ஒரு ரீலும் வராது."

"தட்டு இடைவேளைக்கு முன்னாடி வருதேப்பா."

4

முடிவு அ: லொரெட்டா ஓடவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒடெஸ்ஸா மரியாதைக்காகக் கைதட்ட...

வேண்டாம்.

முடிவு ஆ: ஓடவிடுவது, நிறுத்துவது என்ற இரண்டு முடிவுகளையும் கண்ணுக்கு ஒன்றாகத் தருவது. மலிவான உவமை.

லொரெட்டா நிறுத்தினார். இதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்களோடு பேரம் பேசவும் மாட்டேன். விளக்குகள் எரிந்தன. காப்பகத்து ஆள் படியேறி வந்து, எந்திர அறை வாசற்படியில் நின்று, லொரெட்டா கறுப்பு ஃபிரேம்களைக் கண் மாற்றி ஒட்டுவதைப் பார்த்தார். அந்த ஆள் என்ன தீர்மானித்தார் என்பது எனக்குத் தெரியாது. மறுபடி இருட்டு.

தட்டு கையைவிட்டுக் கிளம்புகிறது. நாங்கள் எந்திர அறையில் இருக்கிறோம். இங்கிருந்து தலைகளின் பின்புறம்தான் தெரியும். ஒடெஸ்ஸாவுக்கு அடுத்த இருக்கையில் இருப்பது நீங்கள். திரையை விடுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்.