ஐந்தாவது கட்டில்

எங்கள் ஆன்லைன் விளையாட்டில் ஒரு விதி உண்டு. எல்லாரும் படுத்தால்தான் பொழுது விடியும். ஒரே ஒருவர் படுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தாலும் போச்சு, இரவு அப்படியே நிற்கும். காட்டிலிருந்து பச்சை மூஞ்சிப் பூதங்கள் வந்து கதவை இடிக்கும். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியாது, நிச்சயம் நாலு பேர் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் வளர்ந்தவராகத்தான் இருப்பார்.

ஊரடங்கின் முதல் மாதத்தில் என் தம்பிதான் எங்களைச் சேர்த்துவிட்டான். மொத்தம் நாலு பேர். நான், ஒரு பல் கிளினிக்கில் எட்டு வருடமாக வரவேற்பில் உட்கார்ந்து "ஒவ்வொருத்தரா வாங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்தவள். அதனால் குழுவில் என் பெயர் டாக்டரம்மா. அடுத்தவர் விசில். பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். இப்போது மைதானமும் பிள்ளைகளும் இல்லாமல் மொட்டைமாடியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறவர். மூன்றாவது ஆள் லிஃப்ட், தம்பியின் பழைய அறைத்தோழன், லிஃப்ட் மெக்கானிக். ஆளில்லாத அலுவலகக் கட்டடங்களுக்குப் போய் லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான் அவனுக்கு மிஞ்சிய வேலை. "காலி லிஃப்ட் ஏழாவது மாடில தானா நின்னு கதவத் திறக்குது. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு வணக்கம் வச்சுட்டு வரேன்" என்பான். நாலாவது ஆள் என் தம்பி. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான்.

விளையாட்டில் எல்லாமே சதுரம். சதுர மரத்தை வெட்டினால் பலகை, சதுர ஆட்டைக் கத்தரித்தால் கம்பளி. மூன்று பலகையும் மூன்று கம்பளியும் சேர்ந்தால் ஒரு கட்டில். நாங்கள் ஒரு நீள அறை கட்டி, சுவரோரமாக நாலு கட்டில் போட்டிருந்தோம். இருட்டியதும் ஏறிப் படுப்போம். திரையின் அடியில் 'தூங்குவோர் 3/4' என்று எண் வரும். நாலும் சேர்ந்தால் விடியும். எழுந்திரு பொத்தானை அழுத்தும்வரை நம் உருவம் படுத்தபடியே கிடக்கும். கிளினிக்கைப் பூட்டியபோது டாக்டர் என்னிடம் கொடுத்துவைத்த பழைய கம்ப்யூட்டரில்தான் இந்த உலகமே ஓடியது. உள்ளே நுழையக் கடவுச்சொல் வைத்திருந்தேன். அது எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

தினமும் மதியம் மூன்று மணிக்குப் போனில் நாலு பேரும் லைனுக்கு வந்துவிடுவோம். விசில் வீட்டு மின்விசிறி கடகடக்கும். லிஃப்ட் எதையாவது மென்றுகொண்டே பேசுவான். என் பின்னால் அம்மா பாத்திரத்தை உருட்டுவாள். தம்பி வீட்டில் இல்லை. அம்மாவுக்கு இளைப்பு உண்டு என்பதால், ஓட்டுநர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், பெஞ்சுகளை ஓரம் தள்ளி மடக்குக் கட்டில் போட்டுத் தங்கியிருந்தான். விளையாட்டில் கடைசியாகப் படுப்பது எப்போதும் அவன்தான். "டேய், படுத்துத் தொலைடா, பூதம் வருது" என்று நான் கத்த வேண்டும். "இரு அக்கா, இந்த ஒரு ஆட்ட மட்டும் பிடிச்சிட்டு வரேன்" என்பான்.

ஒரு நாள் அவன் வரவில்லை. 'வேலை' என்று ஒரு வார்த்தை அனுப்பினான். மறுநாளும் அதே வார்த்தை. ஒன்பது நாள் ஓடிவிட்டது. நாங்கள் மூன்று பேர் விளையாடினோம். மூன்றுக்கு மூன்று என்று எண் காட்டி ஒழுங்காக விடிந்தது.

பத்தாம் நாள் காலை அவனோடு வேலை செய்யும் ஓட்டுநர் என்னைக் கூப்பிட்டார். "உங்க தம்பி தூங்கவே மாட்டேங்கிறாரும்மா. கட்டில்ல படுக்கிறதே இல்ல. வண்டிலயே உக்காந்து முழிச்சுக்கிட்டிருக்காரு. நேத்து ரோட்டு நடுச்சுவத்துல வண்டிய உரசிட்டாரு. உள்ள ஆள் இருந்தாங்க. லீவு போடுன்னா சண்டைக்கு வராரு. இப்படியே போனா அடுத்த தடவை உரசலோட நிக்காது."

சமையலறையிலிருந்து அம்மா, "தம்பி நல்லா தூங்குறானாமா?" என்று கேட்டாள். மூன்று வேளையும் கேட்கிற கேள்விதான். "குறட்டை விட்டுத் தூங்குறானாம்" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு தம்பியைக் கூப்பிட்டு வாயில் வந்தபடி திட்டினேன். "இன்னிக்கு மூணு மணிக்கு நீ லைனுக்கு வரல, நான் நடந்தே அங்க வந்து நிப்பேன். யார் தடுத்தாலும் சரி." ஒரு மணி நேரம் சிரித்துப் பேசினால் அசந்து தூங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் என் வைத்தியம்.

வந்தான். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. விசில் எதையும் கேட்கவில்லை. "வாடா, உன் ஆடெல்லாம் குட்டி போட்டுடுச்சு" என்றார். கொஞ்ச நேரம் மரம் வெட்டினோம். விளையாட்டில் இருட்டியது. நாலு பேரும் படுத்தோம். ஆச்சரியமாக, அன்றைக்குத் தம்பிதான் முதலில் படுத்தான்.

விடியவில்லை.

"யாருப்பா அது படுக்காம?" என்றார் விசில்.

"நான் படுத்துட்டேன்" என்றான் லிஃப்ட்.

"நானும்தான்" என்றேன்.

நான் திரையின் அடியைப் பார்த்தேன். 'தூங்குவோர் 4/5' என்று இருந்தது.

"அஞ்சா? எந்த வானத்துலேர்ந்து குதிச்சுது அஞ்சு?" என்றேன். உள்ளே இருப்பவர்களின் பட்டியலைத் திறந்தேன். எங்கள் நாலு பெயர்தான் இருந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மறுபடி நுழைந்தோம். அதே இரவு, அதே நாலு பெயர். படுத்தோம். 4/5.

"பழைய டப்பாவ வச்சுக்கிட்டு..." என்று லிஃப்ட் ஆரம்பித்தான். சட்டென்று நிறுத்தினான். "டாக்டரம்மா, கதவ யாரு திறந்தது?"

படுத்திருக்கும்போது திரை மங்கிவிடும், ஆனால் சத்தம் கேட்கும். மரக்கதவு திறந்து மூடிய சத்தம் எனக்கும் கேட்டது. பூதங்களுக்குக் கதவு திறக்கத் தெரியாது, இடிக்கத்தான் தெரியும். அதற்குப் பிறகு பலகைத் தரையில் காலடி கேட்டது. மெதுவாக வந்தது. நாலு எட்டு வைத்து நின்றது.

"இப்ப என் பக்கத்துல நிக்குது" என்றான் லிஃப்ட். மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

மறுபடி நாலு எட்டு. "என்கிட்ட வந்துடுச்சு" என்றார் விசில்.

அடுத்தது என் கட்டில். மதிய வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழுந்துகொண்டிருந்தது, அம்மா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், எனக்கு முதுகு முழுக்க வியர்த்துவிட்டது. பயந்தேன் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் காலடி, இடம் காலியா என்று பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் நகர்ந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. கடைசியில் தம்பியின் கட்டிலுக்குப் போய் நின்றது. அங்கிருந்து நகரவே இல்லை.

"டேய்" என்றேன். "நீ ஏன்டா ஒண்ணும் பேச மாட்டேங்கிற?"

தம்பி பேசினான். "அவங்களுக்குக் கட்டில் இல்லக்கா."

யாருக்கு என்று நாங்கள் கேட்பதற்கு முன் அவனே சொன்னான்.

"பத்து நாள் முன்னாடி ஒரு அக்காவ ஏத்தினேன். உன்னவிடப் பத்து வயசு பெரியவங்க இருப்பாங்க. ஜன்னலுக்குத் திரை தைக்கிற வேலையாம். வீட்டு ஆளுங்க யாரையும் கூட ஏத்த விடல. ஆஸ்பத்திரி வாசல்ல எங்க வண்டி பதினாலாவது. உள்ள கட்டில் காலி இல்ல, காத்திருங்கன்னாங்க. அஞ்சு மணி நேரம் நின்னோம். அவங்க பயந்துட்டாங்க. நான் என் போன குடுத்து இந்த விளையாட்டக் காட்டினேன். நம்ம வீட்டச் சுத்திப் பாத்தாங்க. இவ்வளவு பெரிய ஜன்னலுக்கு ஒரு திரை போடக் கூடாதான்னு சிரிச்சாங்க. எல்லாரும் படுத்தாத்தான் விடியும்கான்னு சொன்னேன். அப்ப எனக்குக் கட்டில் எங்க தம்பின்னு கேட்டாங்க."

விசிலின் மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது.

"நாலுதான் இருக்குக்கா, கம்பளி கிடைச்சதும் உங்களுக்கு ஒண்ணு போட்டுடறேன்னு சொன்னேன். சொல்லிட்டு முன் சீட்ல உக்காந்து கண்ண மூடினேன். இருவது நிமிஷம்தான்கா. முழிச்சுப் பாத்தா போன் அவங்க கைல இருக்கு. திரைல ராத்திரி. அவங்க..." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. "நான் தூங்கிட்டேன்கா."

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. பதினாலு வண்டி வரிசையில் நிற்க, இருபது நிமிடம் கண்ணை மூடியதற்காகத் தன்னைத் தூக்கில் போட்டுக்கொண்டிருக்கும் என் தம்பிக்கு ஆறுதலாகச் சொல்ல ஒரு வார்த்தைகூட வராத என்மேல்தான். எட்டு வருடம் வாயை வைத்தே பிழைத்தவள் நான்.

விசில்தான் முதலில் எழுந்தார். "கம்பளி எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல சார்" என்றான் லிஃப்ட். "ஆடெல்லாம் வேலிக்குள்ள இருக்கு. வெளிய பூதம்."

"நான் பூதத்த இழுத்துக்கிட்டு ஓடறேன். ஓடறது என் வேலை. நீ கத்தரி."

அவர் ஓடினார். நாலைந்து பூதங்கள் அவர் பின்னால் போயின. லிஃப்ட் வேலியைத் தாண்டிக் குதித்து மூன்று ஆடுகளைக் கத்தரித்தான். நான் பலகையைச் சேர்த்தேன். தம்பியின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரியாக ஒரு கட்டிலுக்கு இடம் இருந்தது. அப்படி ஒரு இடம் விட்டுக் கட்டியதாக எனக்கு நினைவில்லை.

"நீ போடுடா" என்றேன். தம்பி எழுந்து ஐந்தாவது கட்டிலைப் போட்டான்.

நாலு பேரும் மறுபடி படுத்தோம். 4/5. காலடி தம்பியின் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனது. சுவரோரம் நின்றது. பிறகு சத்தமே இல்லை. எண் மாறியது. 5/5.

விடிந்தது. ஆனால் வழக்கமாகக் கண்ணைக் கூசும் வெளிச்சம் அறைக்குள் வரவில்லை. எழுந்து பார்த்தேன். கிழக்கு ஜன்னலில் மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கம்பளி தொங்கியது. ஓரம் கொஞ்சம்கூடக் கோணவில்லை. ஐந்தாவது கட்டில் காலியாகத்தான் தெரிந்தது.

"சார், நீங்களா?" என்று கிசுகிசுத்தேன்.

"நான் எங்கம்மா, ஓடிக்கிட்டுல்ல இருந்தேன்."

"ஷ்ஷ்" என்றான் லிஃப்ட். "கேளுங்க."

போனில் மெல்லிய அறுப்புச் சத்தம் கேட்டது. தம்பியின் குறட்டை. சின்ன வயதிலிருந்து பக்கத்துப் பாயில் கேட்டு வளர்ந்த சத்தம், எனக்குத் தெரியாதா? எழுந்திரு பொத்தானை அழுத்தாமலே தூங்கிப்போயிருந்தான். அவன் உருவம் கட்டிலில் அப்படியே கிடந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். லைனை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அவன் விழித்துவிடக் கூடாதே என்று எங்கள் மூன்று பேர் மைக்கையும் அணைத்துவிட்டு எழுத்தில் பேசிக்கொண்டோம். அந்த ஓட்டுநருக்கும், இன்றிரவு அவனை எழுப்பினால் நடப்பதே வேறு என்று எழுதி அனுப்பினேன்.

விளையாட்டில் ஒரு பகல் பத்து நிமிடம்தான். மறுபடி இருட்டியது. மூன்று பேரும் போய்ப் படுத்தோம். தம்பி ஏற்கெனவே படுத்திருந்தான். சுவரோரக் கட்டிலும் எண்ணில் சேர்ந்துகொண்டது.

'தூங்குவோர் 5/38.'

அதை மூன்று முறை படித்தேன். லிஃப்ட் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினான். நான் கட்டிலிலிருந்து இறங்கி, கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பூதம் ஒன்றுகூட இல்லை. புல்வெளி வெறுமையாக இருந்தது. ஆனால் காலடி கேட்டது. நிறையக் கால்கள். ஒன்று நகர்ந்தால் பின்னால் ஒன்று நகர்ந்தது, நின்றால் நின்றது. இடிக்கவில்லை, முண்டவில்லை. வரிசையில் நின்று பழகியவர்களின் காலடி. இங்கே கட்டில் கிடைக்கிறது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

போனைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினால் போதும், முடிந்துவிடும். கை வயர் வரைக்கும் போனது. அப்போது தம்பி தூக்கத்தில் புரண்டு, ஏதோ முனகி, முழிக்கப் பார்த்தான். வெளியே காலடிகள் அப்படியே நின்றுவிட்டன. ஒரு கால்கூட அசையவில்லை. அவன் மூச்சு சீராகி மறுபடி குறட்டை வந்த பிறகுதான் அவை நகர ஆரம்பித்தன.

கையை இழுத்துக்கொண்டேன்.

'ஆடு எத்தனை இருக்கு?' என்று விசில் எழுதினார்.

'குட்டியோட பதினொண்ணு. புல் தின்னா ரோமம் மறுபடி வளரும்' என்று லிஃப்ட் எழுதினான். 'அறைய நீட்டணும். நான் சுவத்த உடைக்கிறேன்.'

அம்மா வாசலில் வந்து நின்றாள். "யாருடி அது குறட்டை? தம்பியா?"

"தம்பிதான்மா. சத்தம் போடாத."

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, நல்லவேளை. முதல் ஆறு கட்டில் தயாரானதும் கதவுப் பக்கம் போய் அதைத் திறந்து பிடித்துக்கொண்டேன். மைக்கை எப்போது போட்டேன் என்று தெரியவில்லை. ஆனால் வார்த்தை தானாக வந்தது, தம்பி விழித்துவிடாதபடி அடிக்குரலில்.

"ஒவ்வொருத்தரா வாங்க. எல்லாருக்கும் இடம் இருக்கு."