சடை போடும் நேரம்

தமிழ்மதி ஓரிடத்தில் உட்காருவாள் என்று சொன்னால் மலைக் கிராமமான வில்பட்டியில் யாரும் நம்பமாட்டார்கள். எட்டு வயது. சாப்பாட்டுத் தட்டோடு தெருவையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள். பாடம் நடக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போவாள். கேரட் மூட்டை மேல் ஏறிக் குதித்துப் பல்லை உடைத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் காலையில் அம்மா விஜயராணி சீப்பை எடுத்தால் போதும், வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். இரட்டைச் சடை பின்னி முடிக்கிறவரை அசையமாட்டாள்.

மதுரை டாக்டர் அதை, கவனம் ஓரிடத்தில் நில்லாத ஏ.டி.எச்.டி. என்றார். "இது சேட்டையும் இல்ல, திமிரும் இல்லம்மா. அவ மூளை அப்படி. எப்ப அமைதியா இருக்காளோ அந்த நேரத்தப் பிடிச்சுக்கங்க."

விஜயராணி பிடித்துக்கொண்டாள். மகளின் மடியில் புத்தகத்தை விரித்து வைத்து, பின்னியதை வேண்டுமென்றே அவிழ்த்து மறுபடி பின்னினாள். எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளை, தலையில் அம்மா கை இருக்கிறவரை வரிவரியாக வாசித்தாள். அவள் பள்ளிப் படிப்பே அதை நம்பித்தான் இருந்தது. பொங்கல் லீவு முடிந்ததும் ஒரு பக்கமாவது வாசித்துக் காட்டாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சுசித்ரா டீச்சர் சொல்லிவிட்டார்.

அந்தக் குடும்பத்தில் வைத்தியம் தெரியாத ஒரே ஆள் விஜயராணிதான். மற்றவர்கள் எல்லாரும் டாக்டர்கள். அதில் தலைமை டாக்டர், கணவனின் அக்கா மகாதேவி.

"அம்புட்டும் தலைச்சூடுடா தம்பி. இம்புட்டு முடியச் சொமந்தா மூளை வேகாம என்ன செய்யும்? பழனியில முடிய எறக்கி, சந்தனத்தத் தடவி விடு. பிள்ள குளுந்துரும். நான் நேந்துக்கிட்டேன்."

சுற்றுலா ஜீப் ஓட்டும் கணவன் சேனாதிபதிக்கு டாக்டர் சொன்ன நாலெழுத்தைவிட இது சுலபமாக விளங்கியது. விஜயராணி கெஞ்சிப் பார்த்தாள். "அவ வாசிச்சுக் காட்டட்டுங்க, அப்பறம் எறக்கிக்கலாம். சடை போடுறப்ப மட்டுந்தாங்க அசையாம இருக்கா. அப்பத்தான் படிக்கிறா."

"மயித்துக்கும் படிப்புக்கும் என்னடி சம்பந்தம்?" என்றான் அவன்.

பொங்கலுக்கு மறுநாளே மலையிறங்கினார்கள். பழனியில் பாதயாத்திரைக் கூட்டம் நெரிந்தது. முடி இறக்கும் மண்டபத்தில் கத்தியைக் கண்டதும் தமிழ்மதி பிய்த்துக்கொண்டு ஓடினாள். பிடித்து இழுத்து வந்த அப்பாவின் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் கன்னத்தில் அறைந்தான். வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள்.

முடி இறக்குகிறவர் நல்ல மனுஷன். "ஆடுற தலையில கத்தி வைக்க மாட்டேங்க. பிள்ளைய அமத்திக் கூட்டியாங்க" என்றார்.

சேனாதிபதி மறுபடி கையை ஓங்கினான். அப்போதுதான் மகாதேவிக்கு ஞாபகம் வந்தது.

"ஏத்தா விஜயராணி, நீ சீப்ப எடுத்தா உக்காருவாள்ல? நீதான சொன்ன? எடு வெரசா."

தன் வாயால் தானே கொடுத்த சாவி. விஜயராணி மகளின் கன்னத்தைப் பார்த்தாள், கணவனின் கையைப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து சீப்பை எடுத்தாள்.

"வா தங்கம், சடை போட்டுக்கலாம்."

பிள்ளையின் அழுகை அப்படியே நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "புத்தகம் எங்கம்மா?"

"வீட்டுல கெடக்கு. பாக்காமச் சொல்லு. அம்மா தண்ணி தொட்டுச் சிக்கெடுக்கிறேன்."

"குளத்தில் ஓர் ஆமை இருந்தது. அதற்கு இரண்டு..." என்று தொடங்கினாள் தமிழ்மதி. அம்மாவின் கை விலகி வேறொரு கை வந்தது. முதல் கற்றை மடியில் விழுந்ததும் பிள்ளை நிறுத்திவிட்டாள். திமிறவில்லை, கத்தவில்லை. கடைசிவரை அசையவே இல்லை.

"என்ன சமத்து" என்றார் முடி இறக்குகிறவர். விஜயராணிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

பள்ளி திறந்தது. தமிழ்மதி பெஞ்சில் உட்கார மறுத்தாள். பின்னால் யாராவது இருப்பார்களாம். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, சுசித்ரா டீச்சரின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. அந்த வாரமே சேனாதிபதி டி.சி. வாங்கிக்கொண்டு வந்தான்.

மகாதேவி துக்கம் விசாரிக்க வந்தாள். சுவரோரம் ஆடாமல் நின்ற பிள்ளையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஏலே தம்பி, பாத்தியா! வந்ததுலருந்து பாக்குறேன், நின்ன எடத்தவிட்டு அசையலயே! டி.சி. போனாப் போகுது, முருகன் கண்ணத் தொறந்துட்டான்டா." கையோடு போனை எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினாள். சேனாதிபதியும் சிரித்தான்.

விஜயராணி வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "பாரு தங்கம், அம்மா கையில ஒண்ணுமில்ல. திரும்பி உக்காரு, படிக்கலாம்."

தமிழ்மதி அந்தக் கைகளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நீ மொதல்ல திரும்பு."

விஜயராணி திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் சத்தமே இல்லை. தன் பிடரியில் என்ன விழப்போகிறதோ என்று அவளுக்கும் பயமாக இருந்தது.