மாட்டைத் தொட்ட பிள்ளை

எதிர்வீட்டு டிரைவரின் மகளுக்கு ஏழு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ளத் தாய்க்காரி தையல் கம்பெனி வேலையை விட்டதிலிருந்து, பிள்ளையின் குறைபாட்டுக்கு அரசாங்கம் தரும் மாத உதவித்தொகையில்தான் வீட்டு வாடகை ஓடுகிறது. அதைப் புதுப்பிக்கும் பரிசோதனைக்கு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். எனக்கு வேறென்ன வேலை?

டாக்டர் படங்களை நீட்டி, "மாடு எதும்மா?" என்றார். யாரையும் சட்டை செய்யாத பிள்ளை, டக்கென்று மாட்டைத் தொட்டது.

தாய்க்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. "குதிரையையும் கேளுங்க சார்!"

அதையும் தொட்டது. டாக்டர் குறைபாட்டுச் சதவீதத்தைக் குறைத்து எழுதினார். அந்தச் சதவீதத்துக்கு உதவித்தொகை கிடையாதாம்.

ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் மனைவியிடம் சீறினான்: "பெரிய டீச்சரம்மா! அடுத்த பரிசோதனை வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்காத."

பஸ்ஸில் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே ஒரு நாயைக் காட்டியது. தாய்க்காரி அந்த விரலை மெல்ல மடக்கிவிட்டாள்.